எஸ்3 டிரையோ இயக்கி: பழைய நிரலிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது

கேள்வி

என்னிடம் எஸ்3 டிரையோ64வி+ சிப் கொண்ட பிசிஐ வரைகலை அட்டை ஒன்று இருக்கிறது. அதன் நினைவகம் 2 எம்பி. எக்ஸ்.ஆர்க்கின் முன்னோடியான எக்ஸ்எஃப்ரீ86இன் 4ஆம் தலைமுறையைச் சேர்ந்த இயக்கியின் மூல நிரலும் கைவசம் உள்ளது. லினக்ஸில் வரைகலைத் திரையைக் காட்டும் இன்றைய எக்ஸ்.ஆர்க் சேவையகத்தோடு சேர்த்துக் கம்பைல் செய்தால் நூற்றுக்கணக்கான பிழைகள் வருகின்றன. எல்லாம் செயற்கூறுகளின் பெயர் மாற்றமாகவே தெரிகிறது; அவற்றைத் திருத்திவிட்டால் அட்டை ஓடிவிடும் என்று நினைக்கிறேன். அது போதுமா?

பிப்ரவரி 9

போதாது. நானும் இதே சிப் கொண்ட அட்டையை வைத்துக்கொண்டு இதே எண்ணத்தோடுதான் தொடங்கினேன். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டில் எக்ஸ்எஃப்ரீ86 4.0 வெளிவந்தபோது, இயக்கி என்பது சேவையகம் ஓடும்போது ஏற்றப்படும் தனிக் கூறாக மாறியது. அந்தக் கூறே பிசிஐ முகவரிகளைத் தேடிப் பிடிக்கும். அட்டையின் நினைவகத்தைத் தன் முகவரிவெளியில் இணைத்துக்கொள்ளும். போர்ட்டுகளில் நேரடியாக எழுதும். திரையின் அளவையும் அதிர்வெண்ணையும் தானே அமைக்கும். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. உங்கள் நிரல் அந்த ஏற்பாட்டை நம்பி எழுதப்பட்டது. 2008இல் வந்த 1.5 சேவையகம் பிசிஐ வேலையை லிப்பிசிஐஆக்சஸ் என்ற நூலகத்திடம் ஒப்படைத்துவிட்டது. பழைய பிசிஐ அடையாளங்கள் போய், சாதனக் கட்டமைப்புக்கான சுட்டிகள் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறிகள்) வந்தன. இதை மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும், அறிவு அதிகம் தேவையில்லை.

2012இல் வந்த 1.13தான் பெரிய உடைப்பு. அதுவரை ஒரு திரையை வெறும் எண்ணால் குறித்து வந்த செயற்கூறுகள், அந்தத் திரையின் தகவல் கட்டமைப்புக்கான சுட்டியையே கேட்கத் தொடங்கின. உங்கள் பிழைகளில் பெரும்பகுதி இதிலிருந்து வருவதாகவே இருக்கும். மற்ற இயக்கிகளைப் பராமரித்தவர்கள் கம்பாட்-ஏபிஐ என்ற சிறிய தலைப்புக் கோப்பு ஒன்றை நகலெடுத்து வைத்து இதைக் கடந்தார்கள். நீங்களும் அதையே செய்யலாம். ஆனால் அதே பதிப்பில் எக்ஸ்ஏஏ என்ற, வரையும் வேலையைச் சிப்பிடம் ஒப்படைக்கும் முடுக்கக் கட்டமைப்பு முழுவதுமாக நீக்கப்பட்டது. நிரப்புதல், நகலெடுத்தல், கோடு வரைதல், எட்டுக்கு எட்டு வடிவங்களைப் பரப்புதல் என்று உங்கள் இயக்கி செய்யும் எல்லா முடுக்க வேலையும் எக்ஸ்ஏஏ வழியாகவே நடக்கிறது. அங்கே பெயரை மாற்றுவதற்கு எதிரில் ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 11

கம்பைலரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஜிசிசி 10 முதல், ஒரே பொது மாறியை இரண்டு கோப்புகளில் அறிவித்தால் இணைப்பு நிலையிலேயே பிழை வருகிறது. முன்பு அது ஓசையில்லாமல் ஒன்றாக்கப்பட்டுவிடும். பழைய இயக்கிகளில் தலைப்புக் கோப்பிலேயே மாறியை வைத்திருப்பது சாதாரணம். ஜிசிசி 14 முதல், முன்னறிவிப்பு இல்லாத செயற்கூற்றை அழைப்பதும் எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகிவிட்டது.

இரண்டாவதைக் கம்பைலருக்கு ஒரு கொடி (விருப்பத் தேர்வு) கொடுத்து மீண்டும் எச்சரிக்கையாக இறக்கிவிடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன், நான்கு இரவுகளை இழந்தேன். அறிவிப்பு இல்லாத செயற்கூறு முழு எண்ணைத் திருப்பித் தருவதாகவே சி மொழி எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் அந்தச் செயற்கூறு உண்மையில் ஒரு சுட்டியைத் திருப்பித் தருமானால், அதன் மேல் பாதி வெட்டுப்பட்டுவிடும். சேவையகம் எழுந்து, கறுப்புத் திரையைக் காட்டி, சில சமயம் ஓடி, சில சமயம் விழுந்தது. முகவரி தற்செயலாக 2 ஜிபிக்குக் கீழே அமைந்த வேளைகளில் மட்டும் அது பிழைத்துக்கொண்டது என்பது பிறகுதான் புரிந்தது. கம்பைலர் அந்த வரியை முதல் நாளே சுட்டிக்காட்டியிருந்தது.

பிப்ரவரி 20

64 பிட் பற்றி மேலும் இரண்டு விஷயங்கள். பழைய நிரலில் ரிஜிஸ்டர் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு சேமிப்பிடம்) மதிப்புகளை நீள் முழு எண்ணாக வைத்திருப்பார்கள். 32 பிட்டில் அது 4 பைட், இன்றைய 64 பிட் லினக்ஸில் 8 பைட். அட்டையின் கட்டளைப் பகுதியில் அப்படிப்பட்ட சுட்டி வழியாக எழுதினால் அடுத்த ரிஜிஸ்டரும் சேர்ந்தே அழியும். நிரல் முழுவதும் தேடி, அகலம் வெளிப்படையாகக் குறிக்கப்பட்ட வகைகளாக மாற்றுங்கள்.

அடுத்தது அட்டையின் பயாஸ். பழைய இயக்கி சில வேலைகளுக்கு அட்டையில் உள்ள 16 பிட் பயாஸை அழைக்கும். 64 பிட் பயன்முறையில், அத்தகைய 16 பிட் நிரலை ஓட்டும் வி86 வசதி கிடையாது. ஆகவே எக்ஸ்86ஈமு என்ற மென்பொருள் போலிச் செயலி வழியாகத்தான் அதை ஓட்ட முடியும். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ தொடக்க மென்பொருளை மட்டுமே கொண்ட கணினியில் அட்டையின் பயாஸ் தொடக்கத்திலும் ஓடாது. அதாவது அட்டை விழிக்காமலேயே உங்கள் இயக்கியின் கைக்கு வரும். கணினியில் பழைய பயாஸ் இணக்கப் பயன்முறை இருந்தால் முதலில் அதிலேயே வேலையைத் தொடங்குங்கள். அட்டையை எழுப்புவது தனிப் போராட்டம். அதை மற்றதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 2

எக்ஸ்ஏஏவுக்குப் பதிலாக ஈஎக்ஸ்ஏவை எழுதி முடித்தேன். 2005இன் இறுதியில் வந்த இந்தக் கட்டமைப்பு மூன்று வேலைகளை மட்டுமே கேட்கிறது: ஒற்றை நிறத்தால் நிரப்புவது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகலெடுப்பது, இரண்டு படங்களை ஒளிபுகு விகிதத்தோடு கலப்பது. முதல் இரண்டையும் டிரையோ அழகாகச் செய்யும். பழைய எக்ஸ்ஏஏ செயற்கூறுகளின் உடலை ஏறக்குறைய அப்படியே வெட்டி ஒட்ட முடிந்தது. மூன்றாவதை இந்தச் சிப்பால் செய்யவே இயலாது.

முதன்முறை சாளரம் ஒன்றை இழுத்துப் பார்த்தபோது அது வழுக்கிக்கொண்டு சென்றது. எனக்குப் பெரும் மகிழ்ச்சி. பிறகு எழுத்துகள் நிறைந்த பக்கம் ஒன்றைத் திறந்தேன். ஒவ்வொரு வரியும் கண்முன் தனித்தனியாக எழுதப்படுவதைப் பார்க்க முடிந்தது. முடுக்கத்தை முழுவதுமாக அணைத்து, எல்லாவற்றையும் கணினியின் நினைவகத்தில் வரைந்து அட்டைக்கு நகலெடுக்கும் நிழல் இடையகத்துக்கு மாறினேன். அது தெளிவாகவே வேகமாக இருந்தது.

காரணத்தை எழுதிவைக்கிறேன், ஏனெனில் இந்த வேலை முழுவதன் போக்கையும் அதுதான் மாற்றியது. இன்றைய எழுத்துருக்கள் விளிம்பு மழுங்க வரையப்படுபவை. ஒவ்வோர் எழுத்தும் பின்னணியோடு கலக்கப்பட வேண்டும். கலப்பதற்குப் பின்னணியைப் படிக்க வேண்டும். சிப் அதைச் செய்யாது என்பதால் கணினியின் செயலி அட்டையின் நினைவகத்திலிருந்து படிக்கிறது. பிசிஐ பாதையில் எழுதுவது ஒன்று, படிப்பது முற்றிலும் வேறு. எழுதுவதைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பலாம். படிக்கும்போது ஒவ்வொரு சிறு துண்டுக்கும் செயலி காத்து நிற்க வேண்டும். ஈஎக்ஸ்ஏ இதைத் தவிர்க்கப் படங்களை அங்கும் இங்கும் இடம்பெயர்க்கும். அதற்கு அட்டையில் மிச்ச இடம் வேண்டும். 1024க்கு 768, 16 பிட் நிறம் என்றால் திரைக்கு மட்டும் 15,72,864 பைட். மொத்தம் 20,97,152. மிஞ்சுவது 5,24,288 பைட். நடுத்தர அளவுள்ள ஒரு சாளரத்தின் படம்கூட அதில் அடங்காது.

மார்ச் 3

திருத்தம்: நேற்று மிச்சம் என்று சொன்ன இடம் முழுவதும் ஈஎக்ஸ்ஏவுக்குக் கிடையாது. வன்பொருள் சுட்டியின் (அட்டையே திரையில் காட்டும் மவுஸ் சுட்டியின்) படம் 64க்கு 64, புள்ளிக்கு 2 பிட். அதற்கு 1,024 பைட் ஒதுக்க வேண்டும். நினைவகத்தின் கடைசிப் பகுதியில் அதை வைத்துவிட்டு, ஈஎக்ஸ்ஏவிடம் சொல்லும் அளவைக் குறைக்க மறந்திருந்தேன். சாளரங்களை இழுக்கும்போது சுட்டி கந்தலானதற்குக் காரணம் அதுவே.

மார்ச் 15

இரண்டு வாரங்களாக நிரலைத் தொடவில்லை. யோசித்ததில் முடிவு மாறிவிட்டது: எக்ஸ் சேவையகத்துக்கான இயக்கியை இனி நான் எழுதப்போவதில்லை. இந்த வேலை சேரவேண்டிய இடம் கர்னல்.

2009இல் வந்த 2.6.29 கர்னலில் இன்டெல் அட்டைகளுக்காகத் திரை அமைக்கும் பொறுப்பு கர்னலுக்குள் சென்றது. அதைத்தான் கேஎம்எஸ் என்கிறோம். 2015இல் வந்த 1.17 எக்ஸ் சேவையகம், கேஎம்எஸ் பேசும் எந்த அட்டையையும் ஓட்டக்கூடிய மோட்செட்டிங் என்ற பொது இயக்கியைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டின் அடுக்கமைப்பிகள் (சாளரங்களைச் சேர்த்து ஒரே திரைப் படமாக்கும் நிரல்கள்) எல்லாம் கேஎம்எஸ் இருந்தால்தான் எழும். ஆக, கர்னலுக்குச் சிறிய இயக்கி ஒன்றை எழுதினால் எக்ஸ், வேலேண்ட் இரண்டும் ஓடும். எக்ஸுக்கான இயக்கியை எழுதினால் எக்ஸ் மட்டுமே ஓடும், அதுவும் அடுத்த இணக்க உடைப்பு வரும் வரை. சேவையகத்துக்கும் இயக்கிக்கும் இடையிலான அந்த இணக்க எண் 1.12 சேவையகத்தில் 12 ஆக இருந்தது. 2021இல் வந்த 21.1இல் அது 25. அத்தனை முறையும் யாரோ ஒருவர் எல்லா இயக்கிகளையும் திருத்தியிருக்கிறார்.

பிப்ரவரி 9ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தால் வருந்துகிறேன். அங்கே நான் சொன்னது தவறன்று. ஆனால் உங்களைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

மார்ச் 17

ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய அட்டைகளைக் கர்னலே வெளியேற்றிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்றை அங்கே எழுதுவது வீண் அல்லவா? 2023இல் வந்த 6.3 கர்னலில் 3டிஎஃப்எக்ஸ், மேட்ராக்ஸ், ரேஜ் 128, சாவேஜ், சிஸ், வியா, ஐ810 இயக்கிகள் நீக்கப்பட்டது உண்மை. ஆனால் நீக்கப்பட்டவை திரை அமைக்கும் இயக்கிகள் அல்ல. டிஆர்ஐ1 என்ற பழைய முறையில், பயனர் நிரல்கள் முப்பரிமாணக் கட்டளைகளை அட்டைக்கு அனுப்ப இடம் கொடுத்தவை அவை. அவற்றின் மறுபாதியை மெசா என்ற வரைகலை நூலகம் 2012இல் வந்த 8.0 பதிப்பிலேயே நீக்கிவிட்டது. அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் அவை கர்னலில் கிடந்தன. டிரையோவுக்கு முப்பரிமாண வசதியே இல்லை என்பதால் அந்தக் கதை நம்மைத் தொடாது. சிரஸ் அட்டைக்கான கேஎம்எஸ் இயக்கி 2019இல் மிகச் சிறியதாகத் திருத்தி எழுதப்பட்டு இன்றும் கர்னலில் இருக்கிறது. முடுக்கம் எதுவும் அதில் கிடையாது. அதைத்தான் நான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

பழைய நிரலிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சிப்பைப் பற்றிய அறிவு மட்டுமே. அதுவும் மூன்று இடங்களில்தான் செறிந்திருக்கிறது: பூட்டுகளைத் திறப்பது, புள்ளிக் கடிகாரத்தை (திரைக்குப் புள்ளிகளை அனுப்பும் வேகத்தை) அமைப்பது, திரையின் கிடை (இடவல), நிலை (மேல்கீழ்) அளவுகளை எழுதுவது. கர்னலில் எஸ்3எஃப்பி என்ற, கேஎம்எஸ் பேசாத பழைய வகைச் சட்டக இடையக இயக்கி ஏற்கெனவே உண்டு. பழைய எக்ஸ் நிரலையும் அதையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்றில் மங்கலாக இருப்பது மற்றொன்றில் தெளிவாகும்.

விஜிஏ என்ற பழைய பொதுத் தரத்தின் வழக்கமான ரிஜிஸ்டர்களுக்கு அப்பால் எஸ்3 சேர்த்தவை அனைத்தும் பூட்டியே இருக்கும். திரைக் கட்டுப்பாட்டுத் தொகுதியில், பதினாறடிமான எண்களில் சொன்னால், 38ஆம் ரிஜிஸ்டரில் 48ஐயும் 39ஆம் ரிஜிஸ்டரில் ஏ5ஐயும் எழுத வேண்டும். வரிசைத் தொகுதியில் 8ஆம் ரிஜிஸ்டரில் 6ஐ எழுத வேண்டும். இவற்றை எழுதாவிட்டால் பிழை எதுவும் வராது. நீங்கள் எழுதும் மற்றவை வெறுமனே ஏற்கப்படாமல் போகும்.

கடிகாரத்துக்கு அடிப்படை 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம். எம், என், ஆர் என்ற மூன்று எண்களைத் தேர்ந்தெடுக்கிறோம். படிகத்தின் அதிர்வெண்ணை எம் கூட்டல் 2ஆல் பெருக்கி, என் கூட்டல் 2ஆல் வகுத்து, பின் ஆர் முறை பாதியாக்கினால் புள்ளிக் கடிகாரம் கிடைக்கும். 800க்கு 600, 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 40 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். எம் 65, என் 4, ஆர் 2 என்று வைத்தால் 14.318ஐ 67ஆல் பெருக்கி, 6ஆல் வகுத்து, 4ஆல் வகுக்கிறோம், விடை 39.97. எந்தத் திரையும் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது.

இந்த எண்களை எழுதியும் என் திரை அசையவில்லை. பழைய அதிர்வெண்ணிலேயே நின்றது. மூன்று நாட்கள் கணக்கையே மீண்டும் மீண்டும் சரிபார்த்தேன். தவறு கணக்கில் இல்லை. பழைய நிரலில் வரிசைத் தொகுதியின் 15ஆம் ரிஜிஸ்டரில் ஒரே பிட்டை முதலில் 0, பிறகு 1, மறுபடி 0 என்று எழுதும் மூன்று வரிகள் இருந்தன. கடைசி மதிப்பு முதல் மதிப்பேதானே, யாரோ மறதியாக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எண்ணி நகலெடுக்கும்போது நீக்கிவிட்டேன். அந்தத் துடிப்புதான் புதிய எண்களைச் சிப் உள்வாங்கும் கணம். அதைத் திரும்பச் சேர்த்தவுடன் திரை ஒரு நொடி இருண்டு, புதிய அளவில் எழுந்தது. நிரலில் பயனற்றதாகத் தெரியும் வரிகளைத்தான் இப்போது முதலில் நிறுத்திப் படிக்கிறேன். அந்த வரிகளுக்கு அருகில் விளக்கக் குறிப்பு எழுதாமல் எதையும் சேமிப்பதில்லை.

ஏப்ரல் 8

மேலே சொன்ன 15ஆம் ரிஜிஸ்டரும் பதினாறடிமான எண்ணே. அதோடு, விஜிஏவின் பொது வெளியீட்டு ரிஜிஸ்டரில் கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பிட்டுகளும் 1 ஆக இருக்க வேண்டும். இல்லையேல் நிலையான பழைய கடிகாரங்களில் ஒன்றே ஓடும்.

ஏப்ரல் 19

சிப்பின் நிரப்பும் திறனையும் நகலெடுக்கும் திறனையும் அப்படியே விட்டுவிடுவது அதற்குச் செய்யும் அநியாயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அந்தப் பொறியை ஓட்டும் பழைய செயற்கூறுகள் மிகக் கவனமாக எழுதப்பட்டவை. வரிசையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டளை இடுபவை. ஆனால் இன்றைய அடுக்கமைப்பி எதை அனுப்புகிறது என்று பாருங்கள்: முழுவதும் வரைந்து முடிக்கப்பட்ட ஒரு படத்தை மட்டுமே. இந்தச் செவ்வகத்தை இந்த நிறத்தால் நிரப்பு என்ற கட்டளை கர்னல் வரை வருவதே இல்லை. கேட்க ஆள் இல்லாத வேலையைச் சிப் எப்படிச் செய்யும்?

இரட்டை இடையகமும் இயலாது. 16 பிட்டில் இரண்டு திரைகளுக்கு 31,45,728 பைட் வேண்டும். அட்டையில் அவ்வளவு இல்லை. ஆகவே வரைவதெல்லாம் கணினியின் நினைவகத்தில், அட்டைக்குப் போவது நகல் மட்டும். 33 மெகாஹெர்ட்ஸ், 32 பிட் பிசிஐ பாதையின் ஏட்டளவு உச்சம் நொடிக்கு 133 எம்பி. முழுத் திரையை நொடிக்கு 60 முறை அனுப்பினால் 94 எம்பி. நடைமுறையில் மூச்சு முட்டிவிடும். ஆனால் மாறிய செவ்வகங்கள் எவை என்று அடுக்கமைப்பி சொல்லும் வழி கேஎம்எஸில் இருக்கிறது. ஒரு வரி தட்டச்சு செய்யும்போது அந்த வரியின் பட்டை மட்டும் போகிறது. அடுக்கமைப்பிகள் பொதுவாகப் புள்ளிக்கு 32 பிட் எதிர்பார்க்கின்றன. நகலெடுக்கும் அதே நடையில் 16 பிட்டாகச் சுருக்கும் உதவிச் செயற்கூறு கர்னலிலேயே உண்டு. இதனால் பாதையில் போகும் அளவும் பாதியாகிறது. அட்டையிலிருந்து ஒரு பைட்டும் திரும்பப் படிக்கப்படுவதில்லை. மார்ச் 2ஆம் தேதி நான் கண்ட தள்ளாட்டம் முழுவதும் இந்த ஒரு விதியால் மறைந்துவிட்டது.

வெஸ்டன் என்ற வேலேண்ட் அடுக்கமைப்பியைப் பிக்ஸ்மேன் என்ற மென்பொருள் வரைவியோடு ஓட்டுங்கள். ஓப்பன்ஜிஎல்லை மென்பொருளால் செய்துகாட்டும் வழியை விட அது செயலிக்கு மிகவும் இலகு.

மே 4

செயலி காரணமில்லாமல் முழு வேகத்தில் ஓடியது. திரை மீள்வரவு நேரத்தை (ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் கணத்தை) நான் அறிவிக்காததால், ஒவ்வொரு படமும் உடனே காட்டப்பட்டுவிட்டதாகக் கர்னல் பொய்ச் செய்தி அனுப்ப, அசைவூட்டம் ஓடும் நிரல் உடனே அடுத்ததை வரைந்துகொண்டே இருந்தது. நிலை ரிஜிஸ்டரின் 3ஆம் பிட்டைச் சுழற்சியில் பார்த்துக்கொண்டிருப்பது வேலைக்கு ஆகாது. கர்னலின் நுண்நேரங்காட்டியைக் கொண்டு திரையின் கால அளவில் நிகழ்வை அனுப்பச் செய்தேன். படத்தின் நடுவே கிழிசல் சில சமயம் தெரிகிறது. செயலி அமைதியாகிவிட்டது.

வன்பொருள் சுட்டியையும் கைவிட்டேன். அதற்குத் தெரிந்தது இரண்டே நிறங்கள். இன்றைய சுட்டிகள் 32 பிட் படங்கள்.

மே 11

நேற்று திரையின் அடையாளத் தகவலைப் படிக்க வைத்தேன். வி+ சிப்பில் அதற்கான இரண்டு கம்பிகளை நினைவக முகவரி வழியாக அசைக்கலாம். அவற்றில் பேசும் ஐ2சி நெறியைக் கர்னலின் பொது நிரல் பார்த்துக்கொள்கிறது. வரும் 128 பைட்டுகளின் கூட்டல் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். என் முதல் முயற்சிகளில் வகுபடவில்லை. கம்பியை விட்டபின் அது மேலெழக் கொடுக்கும் காத்திருப்பு நேரம் போதவில்லை. அதைக் கூட்டியதும் சரியானது.

மே 12

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டவருக்கு: தொடங்கும்போது 1024க்குப் போகாதீர்கள். படிகத்தின் மேல் 14.318 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பூட்டுகளைத் திறந்து, ஏப்ரல் 6ஆம் தேதி கொடுத்த எண்களை எழுதுங்கள். வரிசைத் தொகுதியின் பதினாறடிமான 12ஆம் ரிஜிஸ்டரில் என் மதிப்பும் ஆர் மதிப்பும் சேர்ந்து பதினாறடிமானத்தில் 44 ஆகும். 13ஆம் ரிஜிஸ்டரில் எம் மதிப்பு 65, அதாவது பதினாறடிமானத்தில் 41. பிறகு அந்த 0, 1, 0. கிடை மொத்தம் 1056, நிலை மொத்தம் 628. திரையின் சொந்தப் பட்டியலைத் திறந்தால் 37.9 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று காட்ட வேண்டும். கிலோஹெர்ட்ஸ் அதைவிடக் குறைவாகக் காட்டினால் கடிகாரம் இன்னும் பழையதிலேயே நிற்கிறது. பூட்டையும் துடிப்பையும் பாருங்கள்.